இரண்டாம் முறை எழுமுன்

1928-ஆம் ஆண்டில் ஸ்தாபிதமான சென்னை மியூசிக் அகாடமியிலே, மார்கழிக் காலை வேளைகளில் கூடும் வித்வத் சபையில், ஒருவர் ஒரு ராகத்தின் லக்ஷணத்தை விஸ்தரித்து முடித்ததும், நிபுணர்கள் தத்தம் அபிப்பிராயத்தைச் சுருங்கச் சொல்ல, அவ்வாண்டின் சங்கீத கலாநிதியாகத் தேர்வு பெற்றவர் தலைமை வகித்து முடிவுரை கூறுவது சம்பிரதாயம். எத்துணை பெரிய வித்வானாயினும் மைக்கை அடுத்தவருக்குக் கொடுத்தே தீரவேண்டும்.

அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் நடைபெறும் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களிலோ, மழைநீர் வடிகாலைப் பற்றி ஒரே கனவான் நான்காம் முறையும் எழுந்து பிரசங்கம் செய்ய, ஒவ்வொரு ஐப்பசியிலும் தம் வாசற்படி வரை தண்ணீர் ஏறக் கண்ட கடைசி வரிசை அம்மையார், வாய் திறவாமலே வீடு திரும்புகிறார். அவர் அறிந்த விஷயம் சபைக்கு நஷ்டமாகிறதே என்பதுதான் என் விசாரம்.

அனைவரும் ஒரு முறை பேசுமுன் எவரையும் இரண்டாம் முறை பேசவிடாமை பேசும் சுதந்திரத்துக்குப் பங்கம் என்பாரும் உண்டு; நான் அவ்வாறு கருதவில்லை. ஒரு பிரேரணையின்மீது, பதிலுரைக்கும் உரிமை பெற்றவர் நீங்கலாக, எந்த அங்கத்தினரும் சபாநாயகரின் அனுமதியின்றி ஒரு முறைக்கு மேல் பேசலாகாது என்பது நம் மக்களவையின் விதி. பத்தாம் நூற்றாண்டிலே, பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்ச் சாசனமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, வாரியத்தில் இருந்து இறங்கியவர் மூன்றாண்டு கழியுமுன் மீண்டும் குடவோலைக்கு உரியவராகார் என்றே விதித்துவிட்டது.

சங்கத் தலைவர்களே, வந்தவர் அனைவரும் ஒரு முறை பேசி முடியுமட்டும், எவருக்கும் இரண்டாம் முறை அனுமதி தராதீர்கள்.