நூறு தடாவும் ஒரு பிடி சாமையும்



திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக நேர்ந்துகொண்டாள் கோதை. வயதோ இளையது, கையில் பொருளில்லை. பின்னாளில் எம்பெருமானார் அதை நிறைவேற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் எழுந்தருளியபோது, ஆண்டாள் அவரை 'அண்ணா' என்றழைத்ததாகப் பெரியோர் பணிப்பர்.

இளையவள் சங்கல்பித்தாள், ஆசாரியர் முடித்துவைத்தார். நாமோ கைங்கரியத்தை நாமே தீர்மானித்து, ரசீதில் மட்டும் பிள்ளைகளின் பெயரை எழுதுகிறோம். பிறகு, இக்காலத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மனமில்லை என வருந்துகிறோம். 1934-ல் மலபாரிலுள்ள வடகரையில் கௌமுதி என்னும் இளம்பெண் தன் பொன்னகைகளைக் காந்தியடிகளின் அரிசன நிதிக்குக் கழற்றிக் கொடுத்தாள். அக்கூட்டத்திலிருந்த தந்தை தடுக்கவில்லை.

ஜவ்வாது மலையடியில், ஆலங்காயத்தில் கூடியுள்ள அன்பர்களே! வீடு திரும்பியதும் உங்கள் பிள்ளையிடம், "நீ எதற்குக் கொடுக்க விரும்புகிறாய்?" என்று கேளுங்கள். ஏழை மாணவனுக்குப் புத்தகமோ, ததியாராதனத்திற்கு மலைச் சாமையில் ஒரு பிடியோ, அவன் சொல்வதைச் சிறிதென்று தள்ளாதீர்கள். குறைவதை நாம் நிரப்புவோம். வரவு செலவையும் அவனுக்குக் காட்டுவோம். கொடுத்தது சேர்ந்த இடத்தைக் கண்ட பிள்ளை, மறுமுறை தானே வருவான்.

'அண்ணா' என்றழைக்கப்பெறும் பேறு நமக்கும் வாய்க்கட்டும்!