தற்குறிப்பேற்றமும் வினைமுதலும்

இயல்பாக நிகழும் ஒன்றின்மேல் புலவன் தன் கருத்தை ஏற்றிக் கூறுவதே தற்குறிப்பேற்றம் எனத் தண்டியலங்காரம் இலக்கணம் வகுக்கும். மதுரையின் மதிற்கொடிகள் கோவலனை வரவேண்டாமென்று கைகாட்டித் தடுப்பனபோல் அசைந்தன என்கிறது சிலப்பதிகாரம். அசைவு காற்றினுடையது, அச்சம் புலவனுடையது. இவ்வளவும் மாணவர் நெட்டுருப் பண்ணியதே. 'இயல்பாக' என்ற சொல்லின் எல்லையைத்தான் எவரும் வினவுவதில்லை.

கண்டியைச் சூழ்ந்த தேயிலை மலைகளைப் பாடுவோர்க்கு இவ்வணி எளிதில் வாய்க்கிறது. ஹந்தானையில் பனி இறங்கினால், தொழிலாளியின் துயர் கண்டு மலை அழுகிறது என்பர். பனி இயல்பாக இறங்குவது. துயரும் அவ்வாறு இறங்கியதா? லயத்து அறையின் நெருக்கத்துக்கும் கூலியின் குறைவுக்கும் வினைமுதல் உண்டு. மலையை அழவிட்டதும் அவ்வினைமுதல் வாக்கியத்தினின்று நழுவிவிடுகிறது. கேட்போரும் மலையோடு சேர்ந்து இரங்கி அமைகின்றனர். இது அணியின் குற்றமன்று, ஆளுவோனின் குற்றம்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதனை நிறைவேற்றியது பாராளுமன்றம். 1947இல் தலவாக்கலையிலிருந்து அந்த அவைக்குத் தெரிவானவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் எழுதிய நூலொன்றின் பெயர் 'நாடற்றவர் கதை'. அத்தலைப்பில் அணியேதும் இல்லை.