கட்டிலுக்கு அடியில் ஒரு பூனை

பூனை தத்தெடுப்புப் பதிவுகளுக்கென்று தனியாக ஒரு மொழி உருவாகிவிட்டது. இன்ஸ்டாகிராமில் அப்படி நாலு பக்கங்களைப் பின்தொடர்ந்தால் ஒரே வாரத்தில் மனப்பாடமாகிவிடும். "ரெண்டரை மாசக் குட்டி. ரொம்ப ஃப்ரெண்ட்லி. லிட்டர் பாக்ஸ் பழகிடுச்சு. மடியில வந்து படுத்துக்கும், குழந்தைங்களோட நல்லா விளையாடும்." கூடவே கேமராவை நேராகப் பார்க்கும் இரண்டு பெரிய கண்கள். சாயங்காலத்துக்குள் இன்பாக்ஸ் நிறைந்துவிடும்.

அதே காப்பகத்தின் கடைசி வரிசையில் இன்னொரு பூனை இருக்கும். மூன்று, நான்கு வயது. ஆள் பக்கத்தில் போனால் கூண்டின் பின்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். காதுகள் பக்கவாட்டில் மடங்கியிருக்கும். கண்ணின் பாப்பா கறுப்பாக விரிந்திருக்கும். சிலது சீறும். சிலது சீறக்கூடச் செய்யாது, கல் மாதிரி அசையாமல் கிடக்கும். விளக்கை அணைத்து எல்லோரும் போன பிறகுதான் தட்டில் வாய் வைக்கும். படம் எடுத்தால் இருட்டுக்குள் இரண்டு புள்ளிகள் மட்டும் விழும்.

இந்தப் பூனைக்கு என்ன எழுதுவது?

சின்னக் கேள்விதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி கிடப்பது தெரியும். பதிலுக்கு எதுவும் தராத, ஒருவேளை எப்போதுமே தரப்போகாத ஓர் உயிருக்கு நாம் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்? அப்படிச் செய்வதை அன்பு என்று சொல்லலாமா?

*

முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம். பயந்த பூனையைக் கண்டதும் எல்லோரும் கேட்பது, "யாராவது அடிச்சிருப்பாங்களோ?" இருக்கலாம். ஆனால் ஒரு அடிகூட வாங்காத பூனையும் இப்படி இருக்கும். 1980களில் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் பூனைக்குட்டிகளை வைத்து ஆய்வுகள் செய்தார். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரையிலான காலம் முக்கியமானது என்பது அவற்றிலிருந்து தெரிந்தது. அந்த வாரங்களில் மனிதக் கை பட்டுப் பழகிய குட்டிகள் பின்னாளில் மனிதரிடம் சுலபமாக ஒட்டிக்கொண்டன. பிந்தித் தொட்டவற்றிடம் அந்த நெருக்கம் வரவில்லை. தகப்பன் பூனையின் சுபாவத்துக்கும் பங்குண்டு என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. தகப்பன் பூனை குட்டியை வளர்ப்பதே இல்லை என்பதால், அது ரத்தத்தில் வந்த சமாச்சாரம்.

ஆக, ஏதோ ஒரு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிறந்து, முதல் இரண்டு மாதம் ஆள் வாசனையே இல்லாமல் வளர்ந்த பூனைக்கு நாம் யார்? தன்னைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு எடையுள்ள, நேராக வெறித்துப் பார்க்கிற, மேலிருந்து கையை நீட்டுகிற ஒரு பிராணி. தெருவில் அதை உயிரோடு வைத்திருந்தது நாயிடமிருந்தும் வண்டியிடமிருந்தும் நம்மிடமிருந்தும் ஓடத் தெரிந்த அந்தப் பயம்தான். காப்பகத்துக்கு வந்ததும் ஓடுவதற்கான இடத்தை எடுத்துவிடுகிறோம். பயம் மட்டும் மிஞ்சுகிறது. அதற்குப் பிறகு 'கோபக்காரப் பூனை' என்று பேர் வைக்கிறோம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. நெதர்லாந்தில் ஒரு காப்பகத்தில் நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வு, புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்துப் பார்த்தது. பெட்டி கிடைத்த பூனைகள் முதல் சில நாட்களிலேயே மற்றவற்றைவிடத் தெளிவாக அமைதியடைந்தன. ஒரு பெட்டிதான், பெரிய செலவில்லை. ஆனால் பெட்டிக்குள் இருக்கிற பூனையைத் தத்தெடுக்க வருகிறவர் பார்க்க முடியாது. பூனைக்கு எது நல்லதோ அது விளம்பரத்துக்குக் கெட்டது. தேர்ந்தெடுக்கப்பட வேண்டுமானால் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற விதியைப் பூனைக்கும் நாம் போட்டுவிட்டோம். இந்த விதி எப்படிப்பட்டது என்று வேலைக்கு இன்டர்வியூ போன எல்லோருக்கும் தெரியும்.

*

விளம்பரத்துக்கு வருவோம். பயந்த பூனையைப் பற்றி எழுத வழக்கமாக இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. ஒன்று, பூசி மெழுகுவது. "கொஞ்சம் கூச்ச சுபாவம், ரெண்டு நாள்ல சரியாகிடும்." இரண்டு, கண்ணீர். பின்னணியில் வயலின், பூனை பட்ட பாடுகள், "இதுக்கு யாருமே இல்லையா?" என்று ஒரு முடிவு.

முதல் வழியில் பூனை சீக்கிரம் வீடு போய்ச் சேரும். சீக்கிரம் திரும்பியும் வரும். பத்தாவது நாள் போன் வரும்: "எங்ககிட்ட வரவே மாட்டேங்குதுங்க. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடியே இருக்கு. குழந்தை ஏங்கிப் போயிடுச்சு." அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வாக்குக் கொடுக்கப்பட்ட பொருள் வரவில்லை என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான். பொய் சொன்னவர் ஒருவர், ஏமாந்தவர் இன்னொருவர், விலை கொடுப்பது பூனை. இரண்டு முறை இடம் மாறிய பூனை மூன்றாவது முறை இன்னும் ஆழமாக ஒளியும்.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. அது மீட்பர்களைக் கூட்டிவரும். மீட்பர் பொறுமைசாலிதான், ஆனால் அவர் மனசுக்குள் ஒரு ரீல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். முதல் காட்சியில் நடுங்கும் பூனை, கடைசிக் காட்சியில் மடியில் உறங்கும் பூனை. நடுவில் அவருடைய அன்பு. பூனை தன் வேடத்தைச் சரியாகச் செய்தால் எல்லாம் சுகம். செய்யாவிட்டால்? ஆறு மாதம் கழித்தும் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தால்? அப்போது வருகிற அலுப்பில் 'இவ்வளவு செஞ்சேனே' என்கிற ஒரு வார்த்தை இருக்கும். நம் வீடுகளில் மனிதர்கள் மனிதர்களைப் பார்த்துச் சொல்லியே நாம் கேட்டுப் பழகிய வார்த்தை அது. ரசீதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு செய்யப்படும் அன்பு.

மூன்றாவது வழி, உள்ளதைச் சொல்வது. "இந்தப் பூனை கட்டிலுக்கு அடியில் இருக்கும். முதல் மாதம் நீங்கள் அதைப் பார்க்காமலே இருக்கலாம். தட்டு காலியாவதையும் லிட்டர் பாக்ஸையும் வைத்துத்தான் அது இருப்பது தெரியும். ஒரு நாள் உங்களிடம் வரலாம். வராமலும் போகலாம். அப்படியானாலும் பரவாயில்லை என்றால் பேசுங்கள்." இதற்கு எத்தனை பேர் பேசுவார்கள்? மிகக் குறைவு. உண்மையைச் சொல்வதால் ஒரு பூனை மாதக்கணக்கில் கூண்டிலேயே கிடக்கலாம் என்றால், அந்த உண்மை யாருக்காக? இந்தக் கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இந்தப் பூனைக்குத் தேவை நிறைய வீடுகள் அல்ல, ஒரே ஒரு வீடு. நூறு பேரை ஈர்க்கும் பொய்யைவிட ஒருவரை அழைத்துவரும் உண்மைதான் அதற்கு லாபம்.

*

தமிழில் பூனையை வைத்து நடந்த மிகப் பெரிய விவாதம் வைணவத்தில் நடந்தது. இறைவனின் அருள் எப்படிக் கிடைக்கிறது? குரங்குக் குட்டி தாயின் வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்வதுபோல உயிர் தன் பங்குக்கும் கொஞ்சம் முயல வேண்டும் என்பது வடகலை. மர்க்கட நியாயம். பூனைக் குட்டி எதுவும் செய்வதில்லை, தாயே கழுத்தைக் கவ்வித் தூக்கிப் போகிறது, அருளும் அப்படித்தான் என்பது தென்கலை. மார்ஜார நியாயம். வேதாந்த தேசிகர் ஒரு பக்கமும் பிள்ளை லோகாச்சாரியார் மறுபக்கமுமாக வைத்துப் பேசப்படும் இந்த வேறுபாட்டை இன்றைக்கும் பாட்டிகள்கூடக் குரங்கையும் பூனையையும் சொல்லியே விளக்கிவிடுவார்கள்.

காப்பகக் கூண்டின் முன்னால் நின்றால் இரண்டு நியாயமும் கைவிடுகின்றன. இந்தப் பூனை நம்மைப் பற்றிக்கொள்ளாது. சரி, தூக்கிக்கொள்ளலாம் என்றால், தாய் கவ்வியதும் உடம்பைத் தளர்த்தித் தொங்குவது குட்டிகளின் இயல்பு. வளர்ந்த பூனையைப் பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கினால் அதற்கு வலியும் பீதியும்தான். அப்படிப் பிடிக்காதீர்கள் என்றுதான் இன்றைய பூனை மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. குட்டிக்கு அருளாக இருந்தது வளர்ந்ததற்கு வன்முறை. ஏனென்றால் வளர்ந்த உயிருக்கு ஒரு கடந்த காலம் இருக்கிறது, 'வேண்டாம்' என்று சொல்லும் ஒரு சுயம் இருக்கிறது.

அப்படியானால் மூன்றாவதாக ஒன்று வேண்டும். தூக்காமல், பிடித்துக்கொள்ளச் சொல்லாமல், ஒரே அறையில் சும்மா இருப்பது. செய்முறையாகப் பார்த்தால் இது மிகச் சாதாரணம். முழு வீட்டையும் கொடுக்காமல் முதலில் ஒரே ஒரு அறை. அதில் ஒளிய ஒரு அட்டைப்பெட்டி. ஜன்னலுக்கு வலை. சாப்பாடு ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். நீங்கள் தரையில், முதுகையோ பக்கவாட்டையோ காட்டி உட்கார்ந்து உங்கள் வேலையைப் பார்க்க வேண்டும். புத்தகத்தை மெல்ல வாய்விட்டுப் படித்தால் குரலும் பழகும். பார்வை மோதினால் கண்ணை மெதுவாக மூடித் திறக்க வேண்டும். 2020இல் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். மனிதர் மெல்லக் கண்சிமிட்டினால் பூனைகளும் அப்படியே பதில் சிமிட்டுவது அதிகமாக இருந்தது. அறிமுகமில்லாத ஆளாக இருந்தாலும், கண்சிமிட்டியவரின் கையை நோக்கி வருவதும் கூடியது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம் என்று கேலி செய்வோம். எதிரில் ஆள் இருக்கும்போது ஒரு பூனை கண்ணை மூடுவது என்றால், அந்த நொடியில் அது காவலை விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

'குட்டி இளவரசன்' படித்தவர்களுக்கு இங்கே நரி ஞாபகம் வரும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி உட்காரச் சொல்லி அது பாடம் நடத்தும். ஒரு வித்தியாசம் உண்டு. நரி தன்னைப் பழக்கச் சொல்லித் தானே கேட்டது. இந்தப் பூனை கேட்கவில்லை. 'மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம்' என்று தத்தெடுப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாளில் பதற்றம் குறையும், மூன்று வாரத்தில் பழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் வீடு என்று உணரும். உதவியான கணக்குதான். அதை இ.எம்.ஐ. அட்டவணையாக்கிவிட்டால்தான் வம்பு. நான்காவது மாதம் பூனை கடன் பாக்கி வைத்ததாகத் தோன்ற ஆரம்பிக்கும். "எவ்ளோ நாள் ஆகும்?" என்று கேட்கும் வரைக்கும் நாம் காத்திருக்கிறோம். அந்தக் கேள்வி உதிர்ந்த பிறகுதான் கூட வாழத் தொடங்குகிறோம்.

*

ஒரு ஆட்சேபம் பாக்கி இருக்கிறது. ஒரு பயந்த பூனை எட்டு மாதம் பிடித்துவைத்திருக்கும் கூண்டில், அதே எட்டு மாதத்தில் பத்துக் குட்டிகள் வந்து, தேறி, வீடு போயிருக்கும். வெளியே மழையில் நிற்கும் அந்தப் பத்துக்கு யார் பதில் சொல்வது? காப்பகம் நடத்துகிறவர்கள் தினமும் இந்தக் கணக்கோடுதான் தூங்கப் போகிறார்கள். வெளியிலிருந்து ஒரு ஸ்டோரி போட்டுவிட்டு அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்பது அநியாயம்.

இந்தக் கணக்கு தப்பென்று நான் சொல்ல மாட்டேன். கணக்கு முழுசாக இல்லை என்பேன். சுலபமாக வீடு கிடைப்பவர்களுக்கே முதலில் இடம் என்று ஒரு இடம் முடிவெடுத்தால், யாருக்கு அந்த இடம் அதிகம் தேவையோ அவர்களுக்காக அது இல்லை என்றாகிவிடும். அதனால் சரியான பதில் கூண்டுக்குள் இல்லை, கூண்டுக்கு வெளியே இருக்கிறது. பயந்த பூனைக்குக் காப்பகத்தைவிட மோசமான இடம் குறைவு. குரைக்கும் சத்தம், பினாயில் வாசனை, நாளுக்கொரு புதுமுகம். அதை முதலில் அனுப்ப வேண்டியது ஒரு ஃபாஸ்டர் வீட்டின் ஒற்றை அறைக்கு. கூண்டும் காலியாகும்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பயந்த பூனைக்கும் வீடு தேவையில்லை. மனிதரோடு பழகாமலே வளர்ந்துவிட்ட சில பூனைகளுக்கு நான்கு சுவர் என்பது நீளமான ஜெயில். அவற்றுக்குக் கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டி, சாப்பாடு வைக்க ஆள் இருக்கிற அதே தெருவில் திரும்ப விடுவதே மரியாதை. அதிர்ந்துபோன வீட்டுப் பூனை எது, வீடே வேண்டாத பூனை எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. வாரக்கணக்கில் கவனித்தால்தான் தெரியும். பொறுமைக்கு இங்கே இன்னொரு வேலை வருகிறது. நம் ஆசையை அதன் ஆசையிலிருந்து பிரித்துப் பார்க்கும் வேலை.

*

அப்படியானால் 'பொறுமையான வீடு' என்பது யாருடைய வீடு? நல்லவர்களின் வீடு என்று நினைத்துக்கொள்கிறோம். பல சமயம் அது அமைதியான வீடு, அவ்வளவுதான். ஓய்வுபெற்ற தம்பதி. வீட்டிலிருந்தே வேலை செய்யும், அதிகம் விருந்தாளி வராத ஒருத்தி. ஒரு அறையை மூன்று மாதம் பூட்டி வைக்க வசதியுள்ளவர்கள். ஆறு பேர் இரண்டு அறையில் வாழும் குடும்பத்துக்கும், பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஹவுஸ் ஓனரின் முகம் பார்த்து இருப்பவருக்கும் மனதில் எவ்வளவு பொறுமை இருந்தாலும் கொடுக்க இடமில்லை. பொறுமை குணம் மட்டும் இல்லை, சதுர அடியும் நேரமும் வாடகையும் சேர்ந்தது. இது தெரிந்தால், பூனையைத் திருப்பிக் கொடுத்தவர்களைத் திட்டுவது குறையும். இடமும் நேரமும் இருந்தும் "எனக்கு மடியில உட்கார்ற குட்டிதான் வேணும்" என்பவர்களிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்றும் தோன்றும்.

அந்த வீட்டில் கடைசியில் என்ன நடக்கும்? சில பூனைகள் மடிக்கு வருகின்றன. சில பூனைகள் இரண்டு வருடம் கழித்தும் நான்கடி தூரத்தில்தான் உட்காரும். காலிங்பெல் அடித்தால் ஓடும், தீபாவளிக்கு லாஃப்டில் ஏறிக்கொள்ளும், வந்தவர்கள் "பூனை வளர்க்கறேன்னு சொன்னீங்க, எங்க?" என்று கேட்பார்கள். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல், வீடு அடங்கிய பிறகு, அது கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து அறையின் நடுவில் மல்லாந்து படுக்கும். நீங்கள் இருப்பது அதற்குத் தெரியும். தெரிந்தும் எழுந்து ஓடாது. அந்த நான்கடியைக் குறைப்பதா வேண்டாமா என்பது அதன் முடிவு. உங்கள் பங்குக்கு, தண்ணீர் குடிக்க எழும்போது அதைச் சுற்றிக்கொண்டு போகலாம்.