உற்றார் நிழல்

ஒரு குடும்பத்தில் முதியவர் ஒருவர் மறைகின்றார். பல நகரங்களில் சிதறி வாழும் மக்களும் பேரர்களும் ஒன்றுகூடி, ஒரே வண்டியில் ஏறி, அவர் பிறந்த ஊருக்கு ஒரு நாளும் அவர் உழைத்து வாழ்ந்த ஊருக்கு ஒரு நாளும் சென்று நினைவுக்கடன் செலுத்துகின்றனர். வழியில் உறவினர் இல்லத்தில் திருமணம் இருக்குமாயின், அங்கும் சென்று மணமக்களை வாழ்த்தி, விருந்துண்டு மீள்கின்றனர். இத்தகைய நெடும்பயணம் இக்காலத்தில் நம்மவரிடையே பெருகி வருகின்றது. இதனைக் குறித்து நம் அன்பர்கள் இரண்டு ஐயங்களை எழுப்புவதுண்டு. துக்கத்தையும் மகிழ்ச்சியையும் ஒரே பயணத்தில் வைப்பது முறையாகுமா என்பது ஒன்று. நம் முன்னோரைப் புறஞ்சேரியில் ஒதுக்கிய ஊரை ‘நம் ஊர்’ என்று தேடிச் செல்வது தன்மதிப்புக்கு ஒக்குமா என்பது மற்றொன்று. முதல் ஐயம் எளிதில் தீரும். இரண்டாவதே நெஞ்சில் தைப்பது.

இவ்விரண்டையும் நம் வீட்டுக் கதையாக மட்டும் வைத்து ஆராய்ந்தால் சினமோ கண்ணீரோ குறுக்கிடும். ஆகவே சற்று விலகி, மேற்குக் கடற்கரையில் கொச்சிக்குச் செல்வோம்.

கொச்சியின் கிழக்கே காக்கநாடு என்னும் பகுதி உள்ளது. எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கேதான் இருக்கின்றது. 2004இல் இன்ஃபோபார்க் என்னும் கணினித் தொழில் வளாகம் திறக்கப்பட்ட பின்னர் அடுக்குமாடிகள் பல எழுந்தன. அவற்றில் குடியிருப்போருள் அம்மண்ணிலேயே பிறந்தவர் சிலரே. விடுமுறை வந்தால் வண்டிகள் திசைக்கொன்றாகத் தத்தம் ஊர் நோக்கிப் புறப்பட்டுவிடும். அக்காக்கநாட்டை அடுத்ததே திருக்காக்கரை. ஓணப் பண்டிகையின் கதை அவ்வூரைச் சுற்றியே வழங்குகின்றது. நிலத்தை இழந்து கீழுலகிற்குத் தள்ளப்பட்ட மாவலி மன்னன், ஆண்டுக்கு ஒருமுறை தன் குடிகளைக் காணத் திரும்பி வருகின்றான் என்பது கேரள மக்களின் நம்பிக்கை. புராணத்தை வரலாறாகக் கொள்வது நம் வழக்கமன்று. எனினும் மக்களின் மனம் அதில் தெரிகின்றது. திருக்காக்கரைக் கோயிலில் இருப்பவன் நிலத்தைப் பறித்த வாமனன். வீட்டு முற்றங்களில் பூக்களமிட்டு எதிர்கொள்ளப்படுபவனோ நிலத்தைப் பறிகொடுத்தவன். அவன் வருகை இழப்பின் நினைவு. அதனையே அம்மக்கள் விருந்தாகக் கொண்டாடுகின்றனர். இழப்பும் விருந்தும் அங்கே ஒரே இலையில் பரிமாறப்படுகின்றன.

நிற்க. காக்கநாட்டிலிருந்து எர்ணாகுளம் நகரைக் கடந்து, வெலிங்டன் தீவையும் தோப்பும்படியையும் தாண்டிச் சென்றால் மட்டாஞ்சேரியை அடையலாம். அங்கே யூதத் தெருவின் முனையில், பழைய அரண்மனைக்கு அருகே, 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக் கூடம் நிற்கின்றது. கேரளத்தார் அதனை யூதப் பள்ளி என்பர். நம் பழந்தமிழில் துறவிகள் உறைவிடத்திற்கு வழங்கிய ‘பள்ளி’ என்ற சொல், அந்நாட்டில் மசூதிக்கும் மாதா கோயிலுக்கும் யூதர் கூடத்திற்கும் பொதுவாய் நிற்பது நமக்கு இன்பம் தருவதே.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கேரளத்தில் இத்தகைய யூதப் பள்ளிகள் எட்டு இருந்தன. மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, பறவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின், 1954, 1955ஆம் ஆண்டுகளில் இம்மக்களுள் பெரும்பாலோர் கூட்டங்கூட்டமாய் அங்குக் குடியேறினர். அவர்களை எவரும் துரத்தவில்லை. கொச்சி மன்னர்கள் அரண்மனைக்கு அடுத்தே இடந்தந்து காத்த மக்கள் அவர்கள். சமயப் பற்றும் வாழ்வின் தேவையும் அழைத்தமையால் சென்றனர். ஆங்கே யானைக்கால் நோய் பற்றிய அச்சத்தால் இவர்களை ஏற்றுக்கொள்ளவே சிறிது காலம் தயங்கினர். தென்னையும் காயலும் கண்டு வளர்ந்தவர்கள், நெகேவ் பாலைநிலத்தில் நெவாத்திம் போன்ற குடியிருப்புகளில் மண்ணைக் கிளறத் தொடங்கினர்.

அவர்களுடைய மக்களும் பேரரும் இப்பொழுது திரும்பி வருகின்றனர், தங்குவதற்கன்று, பார்த்துச் செல்வதற்கு. வாடகை வண்டியில் பாட்டியும் பேரனும் நெருங்கி அமர்ந்து, பறவூர், சேந்தமங்கலம், மாளை, எர்ணாகுளம், மட்டாஞ்சேரி என்று ஊர் ஊராய்ச் செல்கின்றனர். சேந்தமங்கலத்துப் பள்ளியின் முன்னே 1269ஆம் ஆண்டுக்குரிய சாரா என்னும் பெண்ணின் கல்லறைக் கல் நிற்கின்றது. மாளையில் 1955இல் புறப்படும்பொழுது தம் பள்ளியையும் இடுகாட்டையும் ஊராட்சியிடம் ஒப்படைத்துச் சென்றனர். அவ்விடுகாட்டில் நின்று, பெயர் அறிந்த முன்னோர்க்கும் பெயர் அறியாத முன்னோர்க்கும் சேர்த்தே வழிபடுகின்றனர்.

இறந்தோர்க்காக யூதர் ஓதும் ‘கதீஷ்’ என்ற வாழ்த்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். துக்கத்தில் ஓதப்படும் அவ்வாழ்த்தில் சாவு என்ற சொல்லே வருவதில்லை, முழுவதும் போற்றுதலே. அதனைத் தனித்து ஓதவும் இயலாது. வயது வந்த ஆடவர் பத்துப் பேர் கூடியிருத்தல் வேண்டும் என்பது அவர்தம் மரபு. மட்டாஞ்சேரியில் வாழ்ந்த யூதர் தொகை அப்பத்திற்கும் கீழே இறங்கி ஆண்டுகள் பல ஆயின. வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கினால்தான் அவ்வெண் நிறைகின்றது. இறந்தோர்க்குரிய சொல்லும் ஒலிக்கின்றது. திருமணத்திற்காகவோ விழாவிற்காகவோ வந்தவர்களே கல்லறை முன்னும் நிற்பவர்கள். 1968இல் மட்டாஞ்சேரிப் பள்ளியின் நானூறாவது ஆண்டு விழாவிற்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. அவ்விழா நடந்தபொழுதே அம்மக்களுள் பலர் புறப்பட்டுச் சென்றுவிட்டிருந்தனர். 2018 டிசம்பரில் 450ஆம் ஆண்டைக் கொண்டாடப் பல நாடுகளிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், அத்தெருவின் முகமாக விளங்கிய சாரா கோகன் அம்மையார் 96ஆம் வயதில் மறைந்தார். அவருடைய முதுமையில் அவரையும் அவர் கடையையும் பேணியவர் ஒரு முஸ்லிம் அன்பர் என்பதைப் போகிறபோக்கில் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

ஆகலின் முதல் ஐயத்திற்கு விடை இதுவே. கூடுதற்கு வாய்ப்பு அரிதாகிவிட்ட மக்களுக்குத் துக்கத்திற்கு ஒரு வண்டி, மகிழ்ச்சிக்கு ஒரு வண்டி என்று இரண்டு கிடைப்பதில்லை.

இனி இரண்டாவது ஐயம். அவ்வண்டியில் வரும் அனைவருடைய பாட்டன்மாரும் மட்டாஞ்சேரிப் பள்ளியில் ஒரே வரிசையில் அமர்ந்தவர் அல்லர். இதனை நம் வாசகர்கள் ஊன்றிக் கேட்டல் வேண்டும். கொச்சி யூதரிடையே வெள்ளை யூதர் எனவும் கருப்பு யூதர் எனவும் பிரிவுகள் இருந்தன. அவற்றிற்கும் கீழாக, அடிமைத் தளையினின்று விடுபட்டோரின் வழியினர் என்று ஒரு பிரிவினரை வைத்திருந்தனர். பரதேசிப் பள்ளியில் அவர்களுக்கு இருக்கையில் அமர உரிமையில்லை. திருமறையை எடுத்து வாசிக்கவும் உரிமையில்லை. முன்கூடத்தில் ஒதுங்கியே தொழவேண்டும். இவ்வேற்றுமைக்குச் சமயத்தில் இடமில்லை என்று பதினாறாம் நூற்றாண்டிலேயே எகிப்து நாட்டு யூத சமயப் பேரறிஞர் ஒருவர் தீர்ப்பளித்திருந்தார். தீர்ப்பு ஓலையில் இருந்தது. வழக்கம் பள்ளியில் இருந்தது. சாதி என்னும் நோய், அதனை அறியாத சமயத்திற்குள்ளும் நம் நாட்டுக் காற்றோடு புகுந்துவிடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

அப்பிரிவிற் பிறந்த ஆபிரகாம் பாரக் சேலம் என்பார் கற்று வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டமன்றத்திலும் அமர்ந்தார். நாட்டின் சட்டமன்றத்தில் இடம் பெற்றவருக்குத் தம் பள்ளியில் இடமில்லை. காந்தியடிகளின் அறப்போர் முறையைக் கைக்கொண்டு அப்பள்ளிக்குள்ளேயே அவர் போராடினார். தடைகள் சிறிது சிறிதாகத் தளர்ந்தன. தம் மக்கள் இஸ்ரேல் செல்வதற்காக அரும்பாடுபட்ட அவர், தாம் மட்டும் கொச்சியிலேயே இருந்து, நானூறாவது ஆண்டு விழாவிற்கு முந்திய ஆண்டாகிய 1967இல் மறைந்தார். இன்று அத்தெருச் சாலை அவர் பெயரையே தாங்கியிருக்கின்றது. அதே பிரிவிற் பிறந்த ரூபி தானியேல் அம்மையார் 1951இல் இஸ்ரேல் சென்று, 1995இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். இழிவையும் எழுதினார்; ஊரின் பாட்டையும் பண்டிகையையும் அன்போடு எழுதினார். ஒன்றைச் சொல்வதற்காக மற்றொன்றை அவர் மறைக்கவில்லை.

மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்திற்கும் இடையேயுள்ள காயலையும் மறத்தலாகாது. கூட்டம் கூட நிலத்தில் இடம் மறுக்கப்பட்ட புலையர் மக்கள், 1913இல் கொச்சிக் காயலில் படகுகளை ஒன்றோடொன்று பிணைத்து, அவற்றின்மேல் தம் மாநாட்டை நடத்தினர். நீருக்குத் தீட்டில்லை என்று அவர்கள் கண்டுகொண்டனர்! இன்று பாலத்தின்மேல் வண்டியிற் செல்வோர் எத்துணை பேர் அந்நீரை அக்கண்கொண்டு பார்க்கின்றனர்?

நம் பகவன் புத்தர் வாழ்விலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. தம்மபதத்தின் பழைய உரை அதனைக் கூறுகின்றது. கோசல மன்னன் பசேனதி சாக்கியரிடம் பெண் கேட்டான். குலச்செருக்கு மிக்க சாக்கியர், அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த மகளைச் சாக்கியப் பெண் என்று சொல்லி அனுப்பினர். அவள் வயிற்றிற் பிறந்த விடூடபன் வளர்ந்து, தாய்வீடு காணும் ஆவலோடு கபிலவத்துவிற்கு வந்தான். அவன் விடைபெற்றுச் சென்றபின், அவன் அமர்ந்த இருக்கையை அவர்கள் பாலும் நீரும் விட்டுக் கழுவினர். மறந்த படைக்கலத்தை எடுக்கத் திரும்பிய ஏவலன் அதனைக் கண்டு சொன்னான். அரசனானபின் விடூடபன் படையெடுத்து வந்தான். பகவன் எல்லைக்குச் சென்று, சாக்கிய நாட்டுப் பக்கத்தில், நிழல் குறைந்த ஒரு மரத்தடியில் அமர்ந்தார். அடர்ந்த மரம் இப்பக்கம் இருக்க ஏன் அங்கே இருக்கின்றீர் என்று மன்னன் வினவ, உற்றார் நிழல் குளிர்ச்சியானது என்று விடையளித்தார். மும்முறை படை திரும்பியது. நான்காம் முறை பகவன் செல்லவில்லை. சாக்கியர் அழிந்தனர், வெள்ளத்தில் விடூடபனும் அழிந்தான்.

இருக்கையைக் கழுவிய ஊர் எதுவென்று பகவன் அறியாதவர் அல்லர். அவ்வூருக்காகவே வெயிலிற் சென்று அமர்ந்தார். அவ்வாறு அமர்ந்தமையால் ஊரின் குற்றம் இல்லையென்று ஆகிவிடவில்லை. அன்பு செலுத்துதல் வேறு, குற்றத்தை மூடுதல் வேறு என்பதை அம்மரத்தடியிற் காண்கின்றோம்.

நம்முள் பலருக்கு இரண்டு பழைய ஊர்கள் உண்டு. ஆர்க்காட்டுப் பக்கத்துச் சேரியொன்று. அங்கிருந்து முன்னோர் பிழைக்கச் சென்ற கோலார் தங்கவயல் மற்றொன்று. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் நம் சங்கம் வேரூன்றிய கதையை நாம் அறிவோம். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் அம்மக்களின் பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் பரவினர். தந்தை மறைந்தால் வண்டி இவ்விரு இடங்களுக்கும் செல்லத்தான் வேண்டும். தங்கவயலில் பிள்ளைகளுக்குப் பெருமையோடு காட்டப் பல உண்டு. சேரிக்குச் செல்லும்பொழுதுதான் பெரியவர்கள் வாய் மூடிக்கொள்கின்றனர். ஏரி அழகு, மாந்தோப்பு அழகு என்பர். எந்தக் கிணற்றை அணுகக்கூடாதிருந்தது, எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துச் சென்றார்கள் என்பதைச் சொல்லார். பிள்ளைகளின் மனம் புண்படும் என்று அஞ்சுகின்றனர். அவ்வச்சம் நமக்குப் புரிகின்றது. எனினும் அதனை ஏற்பதற்கில்லை. கிணற்றைக் காட்டாமல் ஏரியை மட்டும் காட்டினால், அப்பிள்ளை காண்பது பாட்டனாரின் ஊரையன்று. யாரோ ஒருவருடைய ஊரை.

அவ்வூர் மண்ணை மிதியேன் என்று உறுதி கொண்ட முதியோரும் நம்மிடையே உளர். அவரை வற்புறுத்துதல் கூடாது. அவர் சாலையோர மரநிழலில் வண்டியிலேயே அமர்ந்திருக்கட்டும். அதுவும் பேரப்பிள்ளைகள் கண்டு, ஏன் என்று கேட்டறிய வேண்டியதே. மற்றவர்கள் இறங்கி, இடுகாட்டிற்குச் சென்று, பஞ்சசீலம் ஓதி, புண்ணியத்தை மறைந்தோர்க்கு அளித்து வருக. ஊர்த்தெருவில் பழகியவர் எவரேனும் திண்ணையில் அமரச் சொன்னால் தயங்காது அமர்க; தண்ணீர் தந்தால் பருகுக. அமரச் சொல்லாவிடின் நின்றபடியே பேசி வருக. அதனையும் பிள்ளைகள் பார்க்கட்டும். பின்னர் நேரத்தோடு புறப்படுதல் நல்லது. திருமண வீட்டில் பந்தி தொடங்கிவிடும், பிள்ளைகளும் பசியோடிருப்பர்.