கட்டைவிரலை உயர்த்தும் உரிமை

பயம் பெண்ணுக்கு உரியது என்று இலக்கணம் எழுதிவைத்த மொழி நம்முடையது. தொல்காப்பியக் களவியல் அச்சத்தையும் நாணத்தையும் மடத்தையும் பெண்பாலுக்கு உரியவை என்கிறது. பின்னால் வந்தவர்கள் பயிர்ப்பையும் சேர்த்து நாற்குணம் ஆக்கினார்கள். அதே மொழியில்தான் வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது பேதைமை என்கிறார். ஒரு பயம் அணிகலன், இன்னொரு பயம் அறிவு. நெஞ்சு படபடக்கும் நேரத்தில் தனக்குள் இருப்பது எது என்று ஒரு பெண் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து வரவில்லை. நாற்பத்தொரு வயதில், அந்தமானின் ஸ்வராஜ் தீவில், முதன்முதலாக இரவில் ஸ்கூபா முழுக்குக்குப் பெயர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது வந்தது. பகலில் ஏழெட்டு முறை கடலுக்குள் போய் வந்திருந்தேன். அதே இடம், அதே ஆழம், அதே சிலிண்டர். வெளிச்சம் மட்டும்தான் இருக்காது. ஆனால் கை நடுங்கியது.

நான் பல்லடம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள். எங்களுக்குக் கடல் இல்லை, கிணறு உண்டு. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் ஆழம். பையன்கள் இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகினார்கள். பிறகு பம்புசெட் ரூம் மேலிருந்து குதித்தார்கள். நானும் பழகினேன், வயசுக்கு வரும்வரை. அதற்குப் பிறகு கிணற்றடிக்கே போகக் கூடாது. "பொழுது எறங்குனா அந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்காத அம்முணி, முனி இருக்குது" என்பார் அம்மாயி. அவர் சொல்லாமல் விட்டதும் எங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் ராத்திரியில் கிணற்றுக்குப் போன பெண்கள் திரும்பி வருவதற்காகப் போனவர்கள் அல்ல. விடிந்ததும் கயிறும் கட்டிலும் கொண்டு ஆண்கள் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். பெண், இரவு, நீர் மூன்றும் சேர்ந்தால் அங்கே ஒரே பொருள்தான்.

இரவை மறுத்தது முனி மட்டுமல்ல, சட்டமும்தான். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்வதைத் தடுத்தது. 2000-இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடையை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கியது, கூடவே பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்தது. ஆனால் எங்கள் பகுதிப் பஞ்சாலைகளில் இன்னொரு கதையும் நடந்தது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் தருவதாகச் சொல்லி, இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதிக்குள் வைத்து வேலை வாங்கினார்கள். நைட் ஷிஃப்ட் வேண்டாம் என்று சொல்ல அந்தப் பெண்களால் முடியவில்லை. முன்பு இரவுக்குள் போகக் கூடாது என்றார்கள், பிறகு போயே ஆக வேண்டும் என்றார்கள். இரண்டு முறையும் அவளைக் கேட்கவில்லை.

முழுக்குக்கு முன்னால் எங்கள் பயிற்சியாளர், சென்னைப் பெண், மணலில் உட்காரவைத்துப் பேசினார். டார்ச் அணைந்தால் என்ன செய்வது? இடுப்பில் இரண்டாவது டார்ச் இருக்கிறது. துணையாக வருபவர் காணாமல் போனால்? ஒரு நிமிடம் சுற்றிலும் தேடிவிட்டு மேலே வர வேண்டும், அவரும் அதையே செய்வார். நலம் என்றால் வெளிச்சத்தால் வட்டம் போட வேண்டும், ஆபத்து என்றால் வேகமாகப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். படபடப்பு வந்தால்? நின்று, மெதுவாக, முழுசாக மூச்சை வெளியே விட வேண்டும். மேலோட்டமாக வேகவேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு உள்ளேயே தங்கி, மூச்சுத் திணறுவதுபோல் தோன்றி, பயத்தை இன்னும் கூட்டும்.

கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. பெயர் சொல்ல முடிந்த ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு கருவியோ, ஒரு சைகையோ, ஒரு செயலோ இருந்தது. அறிவான பயம் நம்மை ஏதாவது செய்யச் சொல்கிறது. அணிகலனாக மாட்டிவிடப்பட்ட பயம் எதையும் செய்யச் சொல்வதில்லை, அங்கே இருக்காதே என்று மட்டும் சொல்கிறது. எல்லாவற்றையும் கழித்த பிறகு என்னிடம் மிச்சம் இருந்தது முனிதான்.

குழுவில் இருந்த ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "ஒண்ணும் ஆகாதுங்க, தைரியமா வாங்க." அந்தச் சொல் என்னை நகர்த்தவில்லை. நகர்த்தியது பயிற்சியாளர் கடைசியாகச் சொன்ன விதி. முழுக்குபவர்களின் சைகை மொழியில் கட்டைவிரலை உயர்த்துவது 'சபாஷ்' அல்ல, 'முடித்துக்கொள்வோம், மேலே போகலாம்' என்று பொருள். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் காட்டலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, யாரும் கேட்கவும் கூடாது. ஒருவர் காட்டினால் கூட இருப்பவரும் ஏறிவிட வேண்டும்.

என் வாழ்க்கையில் என் மறுப்புக்கு அப்படியொரு மரியாதை கிடைத்ததாக நினைவில்லை. பெண் பார்க்க வந்தவர்களை வேண்டாம் என்றபோதும், வேலையை விட மாட்டேன் என்றபோதும் காரணம் கேட்டார்கள், காரணத்தை எடைபோட்டார்கள், பிறகு போதாது என்றார்கள். அரிஸ்டாட்டில் துணிவை கோழைத்தனத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் நடுவில் வைத்தார். அதன் உச்ச உதாரணமாக அவர் கண்டது போர்க்களத்தில் சாவை எதிர்கொள்பவனை. திரும்பிவர வழியுள்ள துணிவைப் பற்றித்தான் பெண்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது. 'மாட்டேன்' என்று சொல்ல முடியாத இடத்தில் 'சரி' என்பதற்கு என்ன மதிப்பு? அது பணிவாக இருக்கலாம், சவாலுக்குக் கட்டுப்பட்டதாக இருக்கலாம், துணிவாக இருக்க முடியாது.

இறங்கினேன். பகலில் நீர் விழுங்கிவிடும் சிவப்பு, டார்ச் வெளிச்சத்தில் பவளத்தின்மேல் திரும்பி வந்திருந்தது. ஓரிடத்தில் விளக்குகளை நெஞ்சோடு அணைத்து மறைத்தோம். கையை அசைத்தால் கடலின் நுண்ணுயிர்கள் பொறிப்பொறியாக மின்னின. கட்டைவிரல் மடங்கியே இருந்தது. அதை உயர்த்த முடியும் என்பதால்தான் மடக்கி வைத்திருக்க முடிந்தது.

காசு கொடுத்து வாங்கிய துணிச்சல்தானே இது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் சிலிண்டர் இல்லாமல், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, தம் கட்டி முழுகுகிறார்கள். அவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீக்காலஜி பரிசு கிடைத்தது. அவர்களுக்குக் கடல் பொழுதுபோக்கல்ல, கூலி. இன்று உடம்பு முடியவில்லை என்று ஒருத்தி கட்டைவிரலை உயர்த்தினால் அன்றைய சோறு போய்விடும். ஆகவே மறுக்கும் உரிமை என்பது மனவலிமை சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. அதன் பின்னால் கூலியும் பாதுகாப்பும் கூட நிற்கும் மனிதர்களும் இருந்தாக வேண்டும்.

என் அண்ணன் மகள் இப்போது அதே ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகுகிறாள். "பயப்படாதே" என்று நான் அவளிடம் சொல்வதில்லை. எதற்குப் பயம் என்று கேட்கிறேன். அவள் "கயிறு பழசா இருக்குதுங்க அத்தை" என்றால் கயிற்றை மாற்றுகிறோம். "இன்னைக்கு வேண்டாங்க" என்றால் வீட்டுக்கு வந்துவிடுகிறோம், ஏன் என்று நான் கேட்பதில்லை. மறுநாள் பெரும்பாலும் அவள்தான் எனக்கு முன்னால் படியிறங்குகிறாள்.