ஆண்மைக்காக அறுபடும் உடல்கள்

ஆண்குறி விறைக்காமல் போவது உடம்பின் ஒரு கோளாறு. சர்க்கரை நோயால் வரலாம், ரத்தக்குழாய் அடைப்பால் வரலாம், குடியால் வரலாம், மனக்கவலையால் வரலாம். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஆண்மைக்குறைவு. காது மந்தமானவரை மனிதக்குறைவு உள்ளவர் என்று யாரும் சொல்வதில்லை. இங்கே மட்டும் ஒரு உறுப்பின் வேலையும், வீட்டையும் ஊரையும் ஆளுகிற அதிகாரமும் ஒரே சொல்லில் முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. அந்த முடிச்சுக்கு விலை கொடுத்த உடல்கள் யாருடையவை?

விந்துக்குழாயைக் கட்டிவிடும் சின்ன ஆபரேஷன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் வியன்னாவின் உடலியல் அறிஞர் ஸ்டைனாக், எலிச் சோதனைகளை வைத்து ஒரு கோட்பாடு சொன்னார்: விந்து வெளியேறும் வழியை அடைத்தால் விரையில் ஹார்மோன் சுரக்கும் திசு பெருகும், கிழவனுக்கும் வாலிபம் திரும்பும். வசதியான ஆண்கள் காசு கொடுத்துச் செய்துகொண்டார்கள். 1923இல் சிக்மண்ட் ஃபிராய்ட், தன் புற்றுநோய் திரும்பாது என்ற நம்பிக்கையில் செய்துகொண்டார். 1934இல் கவிஞர் யேட்ஸ் தன் 68ஆம் வயதில் செய்துகொண்டு, புது வேகம் வந்துவிட்டதாகவே நம்பினார்.

அதே குழாயில்தான் இந்தியாவிலும் கத்தி வைத்தார்கள். நெருக்கடி நிலையின்போது 1976-77இல் மட்டும் சுமார் 62 லட்சம் ஆண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. அரசு ஊழியர்களுக்கு ஆள்பிடிக்கும் இலக்கு கொடுக்கப்பட்டது. வடமாநிலங்களில் போலீசை வைத்துப் பிடித்தார்கள். அகப்பட்டவர்களில் ஏழைகள், தலித்துகள், முஸ்லிம்களே மிகுதி. ஆபரேஷனைத் தொடர்ந்து நேர்ந்த 1,774 மரணங்களை ஷா கமிஷன் பதிவு செய்தது. "ஆபரேஷன் பண்ணா ஆம்பளத்தனம் போயிடும், பாரம் தூக்க முடியாது" என்று சனங்கள் பயந்தார்கள். அங்கே ஆண்மையைத் தரும் என்று வாங்கப்பட்டது, இங்கே ஆண்மையைப் பறிக்கும் என்று அஞ்சப்பட்டது. இரண்டு நம்பிக்கைக்கும் உடம்பில் ஆதாரம் கிடையாது. அந்த ஆபரேஷன் விந்தணுவைத் தடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஒருவன் கேட்டுப் படுத்தான். இன்னொருவனைப் பிடித்துக் கிடத்தினார்கள்.

அப்படியானால் அந்தக் குற்றத்துக்கு என்ன பெயர் வைப்பது? "நம்ம ஆம்பளைங்கள ஒண்ணுமில்லாம ஆக்கிட்டான்" என்று சொன்னால், ஆணைத் தொட்டதுதான் குற்றம் என்றாகிறது. சம்மதமில்லாமல் மனித உடம்பில் கை வைத்ததுதான் குற்றம் என்று சொன்னால், அடுத்து நடந்ததையும் நாம் கேட்டாக வேண்டும்.

1977 தேர்தலில் ஆட்சி கவிழ்ந்தது. ஆம்பளையைத் தொட்டால் ஓட்டுப் போகும் என்று அரசுகள் பாடம் படித்தன. கத்தி பெண்கள் பக்கம் திரும்பியது. ஆணுக்குச் செய்வதுதான் எளிது, ஆபத்தும் குறைவு. இருந்தும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் தாங்களே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.3 சதவீதம். 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் ஒரு முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். எல்லாம் ஏழைப் பெண்கள்.

நம் சேரியிலும் "அவன் பாரம் தூக்குறவன், நீயே பண்ணிக்க" என்று மாமியார் சொல்கிறாள். நடவுக்கும் செங்கல் சூளைக்கும் போகிற மருமகள் தூக்குவது பாரமில்லையா?

இதற்கு ஒரு மறுப்பு வரும். ஆண்டை வீட்டுப் பொடியன்கூட நம் கிழவனை "டேய்" என்று கூப்பிட்ட மண் இது. தலித் ஆணுக்கு ஆண்மையே தரப்படாதபோது, அதை விட்டுவிடு என்பது கொடுமையில்லையா? நியாயமான கேள்விதான். ஆனால் நமக்கு மறுக்கப்பட்டது மரியாதை. ஆண்டை தன் ஆண்மை என்று வைத்திருந்தது நம் பெண்கள்மீது கை வைக்கும் துணிச்சல். அதில் பங்கு கேட்டா நாம் போராடுகிறோம்? பெண் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும் என்ற பெரியாரின் வாதம் நமக்கும் பொருந்தும். ஆனால் நம் மேடைகளில் இன்னும் "ஆம்பளையா இருந்தா வாடா" என்றுதான் சவால் விடுகிறோம்.

விறைக்காதவனுக்கு வேண்டியது வைத்தியம். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கட்டும். 1998க்குப் பிறகு மாத்திரையும் வந்துவிட்டது. வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது, அந்தப் பயத்தை மனைவியின் வயிற்றில் தையலாகப் போடுவதற்குத்தான். இரண்டு பிள்ளை போதும் என்று முடிவெடுக்கிற தோழர்களே, ஆஸ்பத்திரிக்கு உங்கள் வீட்டிலிருந்து யார் போகப் போகிறீர்கள்?