ஓசையில்லாத எழுத்துகள்

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கணக்கெழுத ஆள் தேவைப்பட்டது. வந்த விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கும் பொறுப்பு எனக்கு. ஒன்றில் 'ரிசீவ்' என்ற சொல்லில் ஈ-யும் ஐ-யும் இடம் மாறியிருந்தன. 'இதுகூடத் தெரியலையா?' என்று ஓரமாக வைத்துவிட்டேன். அந்த ஆளுக்குக் கணக்கு வருமா என்று பார்க்கவே இல்லை. இன்றும் உறுத்துகிறது.

நான் காவல் காத்த அந்தச் சட்டம்தான் எவ்வளவு புனிதமானது? கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் ஒரு பி ஒலிக்காமல் உட்கார்ந்திருக்கிறது. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அது கிடையாது. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று படித்தவர்கள் பின்னால் செருகினார்கள். 'ஐலண்ட்' கதை இன்னும் மோசம். அது லத்தீனிலிருந்து வந்த சொல்லே இல்லை. லத்தீன் வழிச் சொல் ஒன்றோடு குழப்பி, தேவையில்லாத எஸ் ஒன்றை ஏற்றிவிட்டார்கள். பெரியவர்கள் செய்த தப்பு விதியாச்சு. காதில் விழுவதை அப்படியே எழுதுகிற குழந்தை செய்வது தப்பாச்சு.

இதைத் திருத்தப் பார்த்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1768-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒலிப்படி எழுத ஒரு நெடுங்கணக்கே வகுத்தார். நோவா வெப்ஸ்டர் 'கலர்' என்ற சொல்லிலிருந்து யூ-வை நீக்கினார், அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. நாக்கைக் குறிக்கும் 'டங்' என்பதைச் சுருக்கியபோது மட்டும் யாரும் கேட்கவில்லை. 1906-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிய வடிவில் அச்சிட அரசு அச்சகத்துக்கு உத்தரவிட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன, பிரதிநிதிகள் சபை எதிர்த்தது, சில மாதங்களிலேயே பின்வாங்கினார். பெர்னார்ட் ஷா புது எழுத்துக்காக உயிலில் பணமே ஒதுக்கினார். 1957-இல் நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லாது என்றது. சமரசத்தில் கிடைத்த சிறு தொகையில் அவருடைய ஒரே ஒரு நாடகம் 1962-இல் அந்த எழுத்தில் வந்தது. அத்தோடு சரி.

ஏன் இப்படி? 1899-இலேயே தோர்ஸ்டீன் வெப்லன் ஒரு விடை சொன்னார். ஆங்கில எழுத்துக்கூட்டலின் கஷ்டம்தான் அதன் பயனே. அதைக் கற்க நிறைய நேரத்தை வீணாக்க வேண்டும். அப்படி வீணாக்க வசதி இருந்தவர் இவர் என்று அது ஊருக்குக் காட்டும். நான் விண்ணப்பத்தை ஓரம் கட்டியபோது அளந்தது அறிவை அல்ல, அந்த வசதியைத்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஒலிப்படி எழுதுவது என்றால் யாருடைய ஒலிப்படி? லண்டன்காரரும் கிளாஸ்கோகாரரும் ஒரே சொல்லை வெவ்வேறாகச் சொல்கிறார்கள், நாம் இன்னொரு விதமாக. ஒலிக்காத எழுத்து இவர்கள் யாருக்கும் சொந்தமில்லை. அதனாலேயே எல்லோருக்கும் பொது. 'சைன்' என்பதில் ஊமையான ஜி, 'சிக்னேச்சர்' என்பதில் வாய் திறக்கிறது. உறவைக் காட்டும் எழுத்தைக் குப்பை என்று தள்ளிவிட முடியாது.

இன்னொன்று, மாற்றத்தின் விலையை யார் கொடுப்பது? 1961-இல் பிரிட்டிஷ் பள்ளிகள் சிலவற்றில் ஜேம்ஸ் பிட்மன் வகுத்த, நாற்பதுக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட தொடக்க நெடுங்கணக்கில் குழந்தைகள் படித்தார்கள். ஓரிரு வருடம் கழித்துப் பழைய எழுத்துக்கு மாற வேண்டும். சிலர் சுலபமாக மாறினார்கள். தடுமாறியவர்களில் சிலர், பெரியவர்களான பின்னும் எழுத்துக்கூட்டல் வராததற்கு அதையே குறை சொன்னார்கள். வெளியே உலகம் பழையபடியே எழுதிக்கொண்டிருந்தது. சீர்திருத்தத்தின் சோதனையும் குழந்தை தலையில்தான்.

மாற்றாமல் விட்டாலும் அநியாயம், மாற்றினாலும் அநியாயம் என்று கைகழுவிவிடலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். கற்றவர் பட்ட பாடு, மற்றவரும் பட வேண்டும் என்பதற்கு நியாயம் ஆகாது. எழுத்தை மாற்றுவது ஒரு தலைமுறையால் ஆகாத காரியமாக இருக்கலாம். பிழையைப் பார்த்ததும் ஆளை எடைபோடும் பழக்கத்தை விட, சட்டமும் உயிலும் தேவையில்லை. அந்த விண்ணப்பத்தின் அடுத்த பக்கத்தை நான் புரட்டியிருந்தால் போதும்.